மூன்றாவது கட்டத்தில் ஒரு ப

தமிழில் பொல்லாத எழுத்து எது என்று யாரைக் கேட்டாலும் ழ என்பார்கள். முத்திரைக் கடைக் குடும்பத்தில் கேட்டால் ப என்பார்கள். ழ நாக்கைத்தான் படுத்தும். ப இந்தக் குடும்பத்தையே இருபத்திரண்டு வருஷம் படுத்தி எடுத்துவிட்டது.

எந்த எழுத்தையும் கண்ணாடி முன்னால் பிடித்துப் பாருங்கள், திரும்பிக்கொள்ளும். அ திரும்பும், க திரும்பும், ழ சொல்லவே வேண்டாம். ஆய்தத்தை விட்டால் ப மட்டும்தான் அசையாது. இந்தப் பக்கம் பார்த்தாலும் ப, அந்தப் பக்கம் பார்த்தாலும் ப. முத்திரை வெட்டுகிறவனுக்கு அதைப் போல வசதியான எழுத்து கிடையாது. வினையும் அந்த வசதியிலிருந்துதான் வந்தது.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஊரே வைத்த பெயர் சீலு. சீல் போடுகிறவர் மகள் சீலு. மூன்று வயதில் அப்பாவின் மேஜையிலிருந்து ஒரு முத்திரையை எடுத்து, புதிதாகப் பிறந்திருந்த பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெற்றியில் 'பெறப்பட்டது' என்று குத்திவிட்டு வந்தவள். இப்போது வயது நாற்பத்தைந்து. ரப்பர் ஸ்டாம்ப் கடையை அவள்தான் நடத்துகிறாள். லேசர் மெஷின் இரண்டு ஓடுகிறது, வாசலில் ஆள் நிற்கிறது, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வக்கீல் ஆபீஸ் எல்லாம் அவள் கைக்குள். தன்மேல் அவளுக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்ததாக யாரும் சொன்னதில்லை. அதில் அவள் அப்பாவை உரித்து வைத்தவள்.

கொள்ளுத்தாத்தா மரத்தில் முத்திரை வெட்டியவர். அவருடைய பட்டறை கிணற்றுத் தெருவில் இருந்தது என்பது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். தாத்தா நடை பழகும் முன்பே அங்கிருந்து கிளம்பிவிட்டார்கள். எந்தக் கட்டடம் என்று சொல்ல ஆள் இல்லை. மிச்சம் இருந்தது ஒரு மரக்கட்டை. நோட்டுப் புத்தக அளவு, கனமான மரம். அதில் தெரு ஒன்று செதுக்கியிருந்தது. நேர்கோடாக ஒரு தெரு, முடிவில் ஒரு வட்டம், அது கிணறு. இரண்டு பக்கமும் ஐந்தைந்து கட்டம். தெருவில் ஒரு வளைவு சுளிவாவது இருந்து தொலைத்திருக்கலாம், இல்லை. வேறு எழுத்தும் இல்லை. ஒரு பக்கத்தில் மூன்றாவது கட்டத்துக்குள் ஒரே ஒரு ப. பட்டறைக்கு ப. நேராக வெட்டியதா, திருப்பி வெட்டியதா என்று அந்த எழுத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

கட்டையைக் கையில் வைத்துப் பார்த்தால் ப வலது பக்கம் இருந்தது. ஆனால் அச்சுக் கட்டையை அப்படியா பார்ப்பார்கள்? அது தாளில் விழும்போது வலம் இடமாகும், இடம் வலமாகும். அந்த வீட்டில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். ஆகவே பட்டறை தெருவின் இடது பக்கம். அப்பா அப்படித்தான் சொன்னார், தாத்தா அப்படித்தான் சொன்னார், சீலுவும் அப்படித்தான் சொல்லி வளர்ந்தாள்.

பெரியப்பா மட்டும் வலது பக்கம் என்றார்.

பெரியப்பா முத்திரைத் தொழிலுக்கே வராதவர். பஸ் ஓட்டப் போய்விட்டார். சீலுவைச் சின்னப் பிள்ளையில் மடியில் உட்கார வைத்து ஹாரன் அடிக்க விட்டவர் அவர்தான். அவளுடைய கல்யாணத்துக்கு முதல் நாள், வீடு நிறைய உறவுக்காரர்கள் இருக்கும்போது பேச்சு எங்கெங்கோ சுற்றி அந்தக் கட்டைக்கு வந்தது. "வலது பக்கம்னு பளிச்சுனு தெரியுதேடா" என்றார் பெரியப்பா. அப்பா எல்லார் முன்னாலும் சிரித்தார். "ஸ்டீயரிங் பிடிக்கிறவனுக்குக் கட்டை பார்க்க எங்க தெரியப்போகுது?" என்று ஒரே போடாகப் போட்டார். கூடியிருந்தவர்களும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தார்கள். பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான், மறுநாள் கல்யாணத்துக்கே வரவில்லை.

அம்மா இறந்தபோது வந்தார். வாசலில் நின்றார், சீலுவின் தலையைத் தடவினார், தம்பியோடு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். அன்றிலிருந்து அப்பாவுக்கு அண்ணன் இல்லை. பேச்சில் வந்தால் 'பஸ்காரர்' என்பார்.

இப்போது கிணற்றுத் தெருவிலேயே ஒரு கடை வாடகைக்கு வந்தது. இடது பக்கம், மூன்றாவது. சீலு விடுவாளா? சாவியை வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. பலகையில் 'கொள்ளுத்தாத்தா இருந்த அதே இடத்தில்' என்று எழுத வேண்டும் என்று அப்பா நாளுக்கு மூன்று தடவை நினைவுபடுத்தினார். பெயிண்டர் அந்த வரிக்கு மட்டும் இடம் விட்டு மற்றதையெல்லாம் எழுதி முடித்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை சீலு பெரியப்பாவைக் கூப்பிடப் போனாள். இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். சட்டை, ஆணியில் மாட்டின மாதிரி தொங்கியது. கல்யாணத்தைத்தான் தவறவிட்டார், இதையும் விட்டால் இன்னொரு நல்லது எப்போது வரும், அப்போது இவர் இருப்பாரா என்று அவளுக்குக் கவலையாக இருந்தது.

"உன் கடைக்கு வராம வேற யார் கடைக்கு வரப்போறேன்?" என்றார் பெரியப்பா. "ஆனா உங்கப்பன் சொன்னதை வாபஸ் வாங்கணும். தப்புன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"பெரியப்பா, அச்சுக் கட்டைன்னா திருப்பித்தானே பார்க்கணும்?"

"கண்ணாடியைப் பார்த்து நாற்பது வருஷம் பஸ் ஓட்டினவன்டி நான். பின்னாடி வர்றவன் எந்தப் பக்கம் ஏறுவான்னு கண்ணாடியில பார்த்தே சொல்லுவேன். எனக்கா இடம் வலம் சொல்லித் தர்றீங்க?"

"சரி, அப்பா சொன்னதுதான் சரின்னு நான் ஆதாரத்தோட காட்டினா?"

"காட்டு. நானே வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்." பெரியப்பா சிரித்தார். "காட்டு பார்ப்போம்."

சீலு நேராகக் கிளம்பினாள். ஆதாரம் கண்டுபிடிப்பதெல்லாம் அவளுக்கு ஒரு வேலையா? வீட்டுக்குப் போய் அந்தக் கட்டையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, பத்து நிமிஷத்தில் கிணற்றுத் தெரு முனையில் நின்றாள்.

தெரு முனையில் மருந்துக்கடை. மற்ற கட்டடங்களில் முக்கால்வாசி இடித்துக் கட்டியவை, பழசாக மிஞ்சிய இரண்டு மூன்றில் இது ஒன்று. முன்பக்கம் ஒரு மரத்தூண். எத்தனை தடவை பச்சைப் பெயிண்ட் அடித்தார்களோ, தூணுக்குத் தோல் முளைத்த மாதிரி இருந்தது.

"இந்தத் தெருவில பழைய ஆளுங்க யாராவது இருக்காங்களா அண்ணே?" என்று மருந்துக்கடைக்காரரைக் கேட்டாள்.

"பழசுன்னா இங்க இந்தத் தூணும் நானும்தாம்மா. நான் வந்து பதினெட்டு வருஷம். தூணைத்தான் கேக்கணும்."

சீலு சிரித்துக்கொண்டே போனை எடுக்கப் பையைத் துழாவினாள். கட்டை இடைஞ்சலாக இருந்தது. அதை வெளியே எடுத்துத் தூணின்மேல் சாய்த்துப் பிடித்தாள். பிடித்த இடத்தில் ஏதோ முட்டியது. விரலால் தடவிப் பார்த்தாள். பெயிண்டுக்கு அடியில் இரண்டு மொட்டு. தலை வெட்டிய இரண்டு பழைய ஆணிகள்.

கட்டையின் மேல் ஓரத்தில் இரண்டு துளைகள் உண்டு. "மெஷின்ல மாட்டுறதுக்கு" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் எல்லாவற்றுக்கும் விடை உண்டு. கோடுகள் ஏன் மேடாக இல்லாமல் பள்ளமாக இருக்கின்றன என்றால், "கறுப்பில வெள்ளையா விழும், நோட்டீஸுக்கு எடுப்பா இருக்கும்" என்பார். பள்ளத்துக்குள் பொட்டுப் பொட்டாக வெள்ளை இருக்கிறதே என்றால், "சுண்ணாம்பு, வீடு வெள்ளை அடிக்கும்போது தெறிச்சிருக்கும்" என்பார்.

சீலு கட்டையைத் தூக்கி, துளைகளை அந்த ஆணிகளுக்கு நேராக வைத்து அழுத்தினாள். பெயிண்ட் கொஞ்சம் உதிர்ந்தது. பாட்டிலுக்கு மூடி போட்ட மாதிரி கட்டை உட்கார்ந்துகொண்டது. கையை எடுத்தாள். விழவில்லை.

இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். கண் முன்னால் கட்டையில் ஒரு தெரு, கட்டைக்கு அப்பால் அதே தெரு. கிணறு இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டி நின்றது. கட்டையில் ப வலது பக்கம் இருந்தது. அச்சுக் கட்டையை யாராவது தெரு முனையில் ஆணி அடித்து மாட்டுவார்களா? இது அச்சடிக்கச் செய்ததே இல்லை. பள்ளத்தில் இருந்த வெள்ளை சுண்ணாம்பும் இல்லை, பெயிண்ட். வருகிறவர்களுக்கு வழி காட்டக் கொள்ளுத்தாத்தா மாட்டி வைத்த பலகை. பார்க்கிறபடியே படிக்க வேண்டிய பலகை.

மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ரைட் சைடு மூணாவதும்மா. இஸ்திரிக் கடை. இதுல என்ன குழப்பம், பச்சைப் பிள்ளைகூடச் சொல்லுமே!"

சீலுவின் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று தலைமுறையாகத் தொழில் தெரிந்த அத்தனை பேரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தொழில் தெரியாத ஒருத்தர் பார்த்தபடியே சொன்னார். அவரைத்தான் வீடு கூடிச் சிரித்து அனுப்பியது. அவளும் அன்று சிரித்தாள். கையில் மருதாணி காயாமல் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். அது இப்போது ஞாபகம் வந்து சுருக்கென்று தைத்தது.

ஆனால் சீலு ஒரு தூணோடு தோற்றுப் போகிறவள் இல்லை. கட்டையைக் கழற்றிக்கொண்டு நேராக இஸ்திரிக் கடைக்குள் நுழைந்தாள். சூடான துணி வாசனை. இஸ்திரிக்காரம்மா ஒரு வெள்ளைச் சட்டையின் காலரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அறை குறுகல். ஆனால் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று இடுப்பு உயரத்திலிருந்து ஆரம்பித்தது. உட்கார்ந்து குனிந்து வேலை செய்கிறவன் கேட்டு வாங்கி வைத்த ஜன்னல் என்று சீலுவுக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. அதன் அடியில் ஒரு முழ அகலத்துக்கு மரப்பலகை. அதன்மேல் தேய்த்த துணி அடுக்கியிருந்தது.

"அந்தத் துணியைக் கொஞ்சம் நகர்த்திக்கலாமா?"

"எதுக்கு? அடியில ஒண்ணுமில்ல, பூச்சி அரிச்சு வச்சிருக்கு. எங்க வீட்டுக்காரர் அது பூச்சி இல்ல, ஏதோ வேற நாட்டு எழுத்துன்னாரு."

துணியை நகர்த்தினாள். பலகையின் ஓரத்தில் வரிசையாக வெட்டுகள். உளியைத் தீட்டியதும் முனை எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் இருக்கிற மரத்தில் கீறிப் பார்ப்பது முத்திரைக்காரர்களின் கெட்ட பழக்கம். அப்பாவின் மேஜை ஓரமும் இதே லட்சணத்தில்தான் இருக்கும். எல்லாம் திருப்பி வெட்டிய எழுத்துகள். சீலு அதை நாம் பேப்பர் படிக்கிற மாதிரி படித்தாள்.

"ழ சரியில்லை. மறுபடி."

அதற்குப் பக்கத்தில் ஏழு ழ. முதல் ழ வயிற்றுவலிக்காரன் மாதிரி குனிந்திருந்தது. நான்காவது கொஞ்சம் நிமிர்ந்தது. ஏழாவது, அடேயப்பா! சுழி ஒரே இழுப்பில் வந்திருந்தது. சீலு அதன்மேல் விரலை வைத்தாள். பெயர்கூடச் சரியாகத் தெரியாத மனிதர் ஒருவர் இந்த இடத்தில் உட்கார்ந்து, கோபப்பட்டு, விடாமல் ஏழு தடவை வெட்டியிருக்கிறார். நம்ம ஆளு என்று சந்தோஷத்தில் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"உங்களுக்குப் புரியுதா?" என்று இஸ்திரிக்காரம்மா வாயைப் பிளந்தார். "நீங்க எந்த நாடு?"

"இந்த ஜன்னல்தாம்மா" என்றாள் சீலு.

ஒரு தாளை விரித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து, அத்தனை எழுத்தையும் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் முன்னால் மேஜையில் அதை விரித்தாள். அப்பாவும் ஒரு நொடியில் படித்துவிட்டார். படித்ததும் முகம் மலர்ந்தது.

"ஏழாவது பாரு! என்ன கைடி! எங்க கிடைச்சுது? நம்ம புதுக் கடையிலயா?"

"எதிர் கடையில. பஸ்காரர் சொன்ன பக்கத்துல."

அப்பா தாளைக் கீழே வைத்தார். சீலு தூணைப் பற்றிச் சொன்னாள், ஆணிகளைப் பற்றிச் சொன்னாள், மருந்துக்கடைக்காரர் சொன்னதை மட்டும் கொஞ்சம் சர்க்கரை தடவிச் சொன்னாள்.

"அந்த ஜன்னல் பலகையை யாராவது இந்த வீட்டிலேர்ந்து கழற்றி அந்த வீட்டில போட்டிருக்கலாம்" என்றார் அப்பா.

"தூணையுமா கழற்றி நட்டாங்க?"

அப்பா அந்தத் தாளை ஓரமாக ஒதுக்கிவைத்தார். கட்டையை எடுத்துக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். திருப்பாமல் பார்த்தார். நகத்தால் பள்ளத்திலிருந்து அந்த வெள்ளையைச் சுரண்டி விரல் நுனியில் வைத்து நசுக்கினார்.

"நமக்குத் தெரியும்னு நினைச்சதாலதான் கெட்டுது" என்றார் கடைசியில். "ஒண்ணும் தெரியாம இருந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்." கட்டையைக் கீழே வைத்தபடி, "உங்கம்மா போன அன்னைக்கு வாசல்ல நின்னாரு. உள்ள வாங்கன்னு கூப்பிட எனக்கு வாய் வரல" என்றார். சீலு அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்போ போய்க் கூப்பிடுங்க. ஒரு வார்த்தைதானே கேக்கறாரு?"

"உனக்குச் சொல்லிடலாம்டி. எனக்கு அந்த ஒரு வார்த்தை வராது. எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போய் நிக்கிறது?"

மறுநாள் காலை சீலு டீயோடு வந்தபோது அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டை வெட்டிக்கொண்டிருந்தார். மெஷினில் இரண்டு நிமிஷத்தில் முடிகிறதை ஏன் கையால் வெட்டுகிறார் என்று எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் பதறிவிட்டாள்.

"அப்பா! என்ன பண்றீங்க? திருப்பாம நேரா வெட்டிட்டீங்களே! குத்தினா எல்லாம் இடவலம் மாறில்ல விழும்?"

ஐம்பது வருஷத் தொழிலில் அப்பாவின் கை ஒரு எழுத்தைக்கூட நேராக வெட்டியதில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் திருப்பித்தான் வெட்டுவார். இப்போது ஒவ்வொரு எழுத்துக்கும் திணறி, வியர்த்து, பிள்ளை மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு வெட்டியிருந்தார்.

"தெரிஞ்சுதான் வெட்டறேன்" என்றார் அப்பா. "அண்ணன் நேராத்தானே படிப்பாரு."

அண்ணன் என்றார். சீலு டீயை அங்கேயே வைத்துவிட்டு ஆட்டோவுக்குப் போன் செய்தாள்.

பெரியப்பா வாசல் நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். தம்பி ஆட்டோவிலிருந்து இறங்குவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவும் தெம்பில்லை. அப்பா எதிரில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். கையில் இருந்த பொட்டலத்தை நீட்டினார்.

"என்னடா இது?"

"பாருண்ணே."

பெரியப்பா தாளைப் பிரித்தார். பிடி போட்ட, பாலிஷ் போட்ட, பளபளவென்ற மர முத்திரை. திருப்பி எழுத்தைப் பார்த்தார். "மை எங்க? மை இல்லாம எப்படி?"

"மை வேணாம். அப்படியே படி."

பெரியப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அவர் உதடு அசைந்தது சீலுவுக்குத் தெரிந்தது. பிறகு முத்திரையைத் தம்பியிடமே திருப்பி நீட்டினார்.

"கண்ணாடி இல்லடா. நீயே படிச்சுச் சொல்லு."

மூக்குக்கண்ணாடி அவருடைய சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சீலுவும் பார்த்தாள், அப்பாவும் பார்த்தார். அப்பா முத்திரையை வாங்கிக்கொண்டார். கட்டையில் நேர் எழுத்து அவர் கண்ணுக்குப் பழக்கமில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி விரலை வைத்து எழுத்துக் கூட்டினார்.

"அண்ணே. நீ. சொன்னதே. சரி."

"காது சரியாக் கேக்கலடா, ஆபரேஷன் பண்ணதிலேர்ந்து."

"நெஞ்சுலதானே பெரியப்பா ஆபரேஷன்?" என்று சீலு வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"அண்ணே, நீ சொன்னதே சரி!" என்றார் அப்பா தெருவுக்கே கேட்கிற மாதிரி. இந்தத் தடவை முத்திரையைப் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்கும்போது எந்த எழுத்தும் தெரியாது.

பெரியப்பா கையை நீட்டி முத்திரையை வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் வைக்கப் பார்த்தார், இடம் போதவில்லை. மூக்குக்கண்ணாடியை வெளியே எடுத்து மாட்டிக்கொண்டு, முத்திரையைப் பைக்குள் இறக்கி, மேலே இரண்டு தட்டு தட்டினார்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு?" என்றார்.

"பத்து மணிக்கு பெரியப்பா. வண்டி அனுப்பறேன்."

"வண்டி எதுக்கு? பஸ்ல வர்றேன்" என்றார் பெரியப்பா. "ஸ்டாப்ல இறங்கி வலது பக்கமா, இடது பக்கமா? அதை மட்டும் உங்கப்பன்கிட்டக் கேக்காம நீயே சொல்லிடு."

அப்பாதான் முதலில் சிரித்தார். பலகையில் காலியாக விட்டிருந்த இடத்தில் அன்று மாலை பெயிண்டர் 'கொள்ளுத்தாத்தா கடைக்கு நேர் எதிரே' என்று எழுதினார்.